சூடானால் மட்டும் தட்டும் இன்ஜின்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். என்னுடைய பத்து வயது டீசல் கார் அத்தனையையும் முனகாமல் ஏறிவிடும். மேலே போய் ஏரிக்கரையில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் டீ சொல்லிவிட்டு நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் வரும். பூட்டிய கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் ‘டொக் டொக் டொக்’. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மறையும். காலை எடுத்தால் சில நேரம் திரும்பும், சில நேரம் திரும்பாது. மறுநாள் காலை சேலத்தில் பட்டறைக்கு ஓட்டிப்போனால் வண்டி பசுவைப்போல் சாதுவாக நிற்கும்.

மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து காது கொடுத்தார். ஒன்றுமில்லை. நான் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். வண்டிக்காரர்கள் வாயால் இன்ஜின் ஓட்டிக் காட்டுவது அவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும், சிரிக்கவில்லை.

“எங்கேருந்து வருதுங்கறத விடுங்க சார். எப்ப வருது, எப்ப வரல? அதச் சொல்லுங்க” என்றார்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா? கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? ஏசி போட்டால்? ஏற்றத்திலா, இறக்கத்திலா? ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? ஐந்தில் மூன்று கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “ஒரு வாரம் ஓட்டுங்க. வரும்போதெல்லாம் ஒரு பேப்பர்ல குறிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: ஓயாமல் வரும் சத்தம் தன்னைப் பற்றி அதிகம் சொல்லாது. வந்து வந்து மறையும் சத்தமோ ஒவ்வொரு முறை மறையும்போதும் ஒரு துப்பை விட்டுவிட்டுப் போகிறது.

அந்தத் துப்புகளைப் படிக்க, டீசல் இன்ஜின் ஏன் தட்டுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். கோளாறே இல்லாத டீசல் இன்ஜினும் கொஞ்சம் தட்டத்தான் செய்யும். அந்தக் காலத்து டீசல் அம்பாசிடர் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பெட்ரோல் இன்ஜினில் தீ வைக்க ஒரு ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவோம்; காற்றை அமுக்கினால் சூடேறும். டீசல் இன்ஜினின் உருளைக்குள் பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக, சில இன்ஜின்களில் அதைவிடவும் சிறிதாக, நொடியில் சிறு பகுதிக்குள் அமுக்கிவிடுகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தக் கொதிகாற்றில் டீசலைப் பனித்துளிபோல் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் மூல யோசனை இதுதான்.

ஆனால் பீய்ச்சிய கணத்திலேயே பற்றாது. துளி ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும், சூடேற வேண்டும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு சின்னக் காத்திருப்பு. இதைப் பற்றல் தாமதம் என்று சொல்லலாம். அடுப்படியில் நாம் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறோம். கேஸைத் திறந்துவிட்டு லைட்டரை அழுத்துகிறோம். முதல் சொடுக்கிலேயே பற்றினால் சத்தமே இல்லை. லைட்டர் சண்டி செய்து ஐந்தாவது சொடுக்கில் பற்றினால் அதுவரை தேங்கிய கேஸ் மொத்தமும் ஒரே மூச்சில் ‘பக்’கென்று பிடிக்கும், கையில் முடி கருகும். எரிந்தது அதே கேஸ்தான். தாமதம்தான் சத்தமானது.

உருளைக்குள்ளும் அதேதான். தாமதம் நீண்டால் தேங்கிய டீசல் ஒட்டுமொத்தமாகப் பற்றி, அழுத்தம் படிப்படியாக ஏறாமல் எகிறுகிறது. அந்த எகிறல் இன்ஜினின் வார்ப்பிரும்பைச் சம்மட்டிபோல் அறைகிறது. கோயில் மணியை எதால் அடித்தாலும் அது தன் சுருதியில்தான் ஒலிக்கும் அல்லவா? இன்ஜினும் அப்படித்தான். நம் காதுக்கு வருவது தீயின் சத்தமல்ல, தீ அறைந்த இரும்பின் சத்தம். வெவ்வேறு கோளாறுகள் ஒரே மாதிரி ஒலிப்பதற்கும், சத்தத்தின் சாயலை மட்டும் வைத்துக் காரணம் சொல்பவர் அடிக்கடி ஏமாறுவதற்கும் இதுவே காரணம் என்பேன்.

இங்கே ஒரு வேடிக்கை. பெட்ரோல் இன்ஜினும் தட்டும், ஆனால் நேர் எதிர்க் காரணத்தால். அங்கே எரிபொருள் அவசரப்பட்டுத் தானே பற்றினால் தட்டல். இங்கே எரிபொருள் சோம்பினால் தட்டல். பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் பொறுமைக்கான மதிப்பெண் என்றால், டீசலுக்குச் சீட்டேன் எண் சுறுசுறுப்புக்கான மதிப்பெண். எப்படி அளக்கிறார்கள்? அமுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒற்றை உருளை இன்ஜின் ஒன்றை 900 சுற்று வேகத்தில் ஓட்டுவார்கள். டீசல் பீய்ச்சியதற்கும் பற்றியதற்கும் இடையில் கிராங்க் தண்டு சரியாக 13 பாகை திரும்பும்வரை அமுக்கத்தைத் திருகிக்கொண்டே போவார்கள். எவ்வளவு அமுக்கம் தேவைப்பட்டது என்பதை, உடனே பற்றும் ஹெக்ஸாடெக்கேனும் சோம்பேறியான இன்னொரு சேர்மமும் அளந்து கலந்த கலவைகளோடு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும். நம் நாட்டில் விற்கும் பிஎஸ்-6 டீசலுக்குக் குறைந்தது 51 இருக்க வேண்டும்.

தாமதத்தை ஒழிக்க முடியாது. ஏமாற்றலாம். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் கார்களுக்கு முதன்முதலாக வந்த காமன் ரயில் முறை அதைத்தான் செய்தது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசலைப் பேரழுத்தத்தில் அடைத்துவைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டராகத் திறந்து மூடுவார்கள். ஒரே சுற்றில் பலமுறை திறக்கலாம் என்பதால் முதலில் ஒரு மில்லிகிராம் அளவுக்குக் கொஞ்சூண்டு டீசலைத் தெளித்துச் சின்னத் தீ உண்டாக்கிவிட்டு, அதற்குள் மீதியைப் பீய்ச்சலாம். அடுப்பில் எரியும் திரி ஒன்றை முதலிலேயே தயாராகப் பிடித்துக்கொண்டு, பிறகு கேஸைத் திறப்பதுபோல. இந்த முன்தெளிப்பு வந்த பிறகுதான் டீசல் கார்கள் தெருமுனையில் காட்டிக்கொடுக்காமல் வரத் தொடங்கின.

ஒரு சொட்டுத் தண்ணீரின் எடை சுமார் 50 மில்லிகிராம். சின்னக் கார் நின்றபடி ஓடும்போது ஒரு தெளிப்புக்குப் போகும் மொத்த டீசல் ஐந்தாறு மில்லிகிராம்தான், அதாவது சொட்டில் பத்தில் ஒரு பங்கு. முன்தெளிப்பு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. இன்ஜெக்டரின் ஊசி சில மைக்ரான் இடைவெளியில் மேலும் கீழும் நழுவிக்கொண்டு இந்த அளவைக் காக்கிறது. படிவு கொஞ்சம் ஒட்டி ஊசி தாமதமாக மூடினால் அளவு கெட்டது, தட்டல் வந்தது.

இது தீயின் தட்டல். இன்னொன்று உலோகத்தின் தட்டல். பட்டறையில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் பிக் எண்ட் பேரிங் இருக்கிறது. இதில் குண்டுகள் கிடையாது. வழவழப்பான இரண்டு அரைவட்டத் தகடுகள், அவற்றுக்குள் சுற்றும் தண்டு, நடுவில் தலைமுடித் தடிமன்கூட இல்லாத ஓர் இடைவெளி, அதில் ஆயில். அவ்வளவுதான். ஒவ்வொரு வெடிப்பிலும் டன் கணக்கில் இறங்கும் சுமையை அந்த ஆயில் படலம் தாங்குகிறது. நம்பக் கடினமாக இல்லையா? 1880-களில் பொறியாளர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுற்றவிட்டால் துளை வழியாக ஆயில் உள்ளே போகவில்லை. உள்ளிருந்து மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், வெளியே தள்ளிவிட்டது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் அழுத்த அளவியைப் பொருத்தினார். முள் கடைசிக் கோட்டையும் தாண்டி முட்டி நின்றது. அச்சின்மேல் அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எரிச்சலூட்டிய ஒரு மரமுளைதான், இரும்பை இரும்பு தொடாமல் எண்ணெய் மிதக்கவைக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. மூன்று ஆண்டு கழித்து ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் அதற்கான கணக்கைப் போட்டார். சுற்றும் தண்டு தன் மேல்பரப்பில் ஒட்டிய எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. போக இடமில்லாத எண்ணெய் தண்டைத் தூக்கிவிடுகிறது. மழையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தண்ணீர்மேல் மிதப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆக, படலம் தடிமனாக இருக்க இரண்டு வேண்டும்: தண்டின் வேகம், எண்ணெயின் பாகுத்தன்மை. வெல்லப் பாகு அடுப்பில் இருக்கும்போது தண்ணீராய் ஓடும், ஆறினால் கரண்டியில் தொங்கும். இன்ஜின் ஆயிலும் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு நீர்த்துவிடும். மலையேறி நன்றாகச் சூடான இன்ஜின், குறைந்த வேகத்தில், டீக்கடை ஓரம் நிற்கிறது. படலம் மெலிந்திருக்கும் நேரமே அதுதான். தேய்ந்த பேரிங் அப்போதுதான் தட்டத் தொடங்கும்.

என் சத்தம் வரும் நேரமும் அதுவே என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பிஸ்டன் ஆட்டம் என்றால் நேர்மாறாக இருக்கும். பிஸ்டன் அலுமினியம், உருளை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிர்ந்த காலையில் பிஸ்டன் தளர்ந்து சுவரில் அறையும், ஐந்து நிமிடத்தில் விரிந்து அடங்கிவிடும். காலையில் மட்டும் தட்டினால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. சூட்டில் மட்டும் தட்டினால் பயப்பட வேண்டும். கேட்பதற்கு ஒரே ‘டொக்’தான், ஆனால் கடிகாரமும் வெப்பமும் அவற்றைப் பிரித்துவிடுகின்றன.

ஒரு வாரம் கழித்துத் தாளோடு போனேன். பதினொரு முறை வந்திருந்தது. பதினொன்றும் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பிறகு. கிளட்ச் மிதித்தாலும் மாறவில்லை, ஏசியை அணைத்தாலும் மாறவில்லை. அண்ணன் படித்துவிட்டு, “அப்ப ஃப்ளைவீல் இல்ல, கம்ப்ரஸர் இல்ல” என்று இரண்டு சந்தேகங்களைத் தாளிலேயே அடித்துவிட்டார். பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் இன்னொன்றும் கேட்பாராம். அந்த வண்டிகளின் புகைபோக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் தெளிப்பு முறையை மாற்றி அந்தக் கரியை எரிக்கும். அந்தக் கால்மணி நேரம் இன்ஜின் வேறு குரலில் பேசும். அதைக் கோளாறு என்று நினைத்து மாதம் ஒருவராவது பட்டறைக்கு வந்துவிடுகிறார்களாம். என் வண்டி அதற்கு மூத்தது.

பிறகு இருவருமாக வண்டியை மேட்டூர் சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டித் திரும்பினோம். பட்டறை வாசலில் நிறுத்தியதும் சொல்லிவைத்ததுபோல் ‘டொக் டொக்’. எனக்கு நிம்மதி.

அண்ணன் முதலில் செய்தது தொடையில் தாளம் போட்டது. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கிறது. நான்கடி இன்ஜினில் ஓர் உருளை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஆக ஒரு நிமிடத்துக்கு 400. நிமிடத்துக்கு நூறு தாளம் போட்டு, தாளத்துக்கு ஒரு ‘தகதிமி’ சொன்னால் 400 சொல் வரும். சத்தம் அந்த நடையில் விழுந்தால் ஒரே ஓர் உருளையின் வெடிப்போடு, அல்லது அதே வேகத்தில் ஓடும் கேம் தண்டோடு, கட்டுண்டது என்று பொருள். அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்தால் கிராங்க் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் எதையோ இடிக்கிறது. எந்தத் தாளத்திலும் அடங்காமல் லொடலொடத்தால் மவுண்டிங்கோ வெப்பத் தடுப்புத் தகடோ தளர்ந்திருக்கலாம். என் சத்தம் தகதிமியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுத்து நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தார். பாரிஸில் 1816-ல் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்த அதே வித்தை. உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடும். ஸ்க்ரூ டிரைவர் அந்தத் தாவலைத் தவிர்த்துவிடுகிறது. ஆனால் இரும்பு எல்லாச் சத்தத்தையும் எல்லா இடத்துக்கும் கடத்தும். ஆகவே நான்கு இன்ஜெக்டர்களின் தலையிலும் மாறி மாறி வைத்து ஒப்பிட வேண்டும். மூன்றாவதில் கொஞ்சம் அதிகம். “கொஞ்சம்தான்” என்று அழுத்திச் சொன்னார்.

அதன்பின் ஸ்கேனர். கிராங்க் தண்டில் பல் வைத்த சக்கரம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் 60 பற்களுக்கான இடத்தில் 58 இருக்கும், இரண்டு பல் இல்லாத இடம்தான் கம்ப்யூட்டருக்கு அடையாளக் கல். ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்கும் நேரத்தை அளந்தால், எந்த உருளை வெடித்தபோது தண்டு எவ்வளவு வேகம் எடுத்தது என்று தெரிந்துவிடும். அதிகம் தள்ளும் உருளைக்கு டீசலைக் குறைத்தும் குறைவாகத் தள்ளுவதற்குக் கூட்டியும் கம்ப்யூட்டர் சமன் செய்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்தபோது நான்கு திருத்தங்களும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தன. இப்போது மூன்றாவதற்கு மட்டும் ஏறக்குறைய 3 மில்லிகிராம் கழித்தல். அதாவது மூன்றாம் உருளை தேவைக்கு மேல் தள்ளுகிறது. பேரிங் தேய்ந்தால் தட்டும், ஆனால் கூடுதலாகத் தள்ளாது. எனக்கு மூச்சு வந்தது.

அண்ணன் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. ஸ்கேனர் வழியாக மூன்றாம் இன்ஜெக்டரை மட்டும் நிறுத்தச் சொன்னார். இன்ஜின் நொண்டியது, சத்தம் அறவே நின்றது. “பார்த்தீங்களா, இன்ஜெக்டர்தான்!” என்றேன். தலையை ஆட்டினார். வெடிப்பை நிறுத்தினால் பேரிங்கின்மேல் விழும் அடியும் நின்றுவிடும். அப்போது தேய்ந்த பேரிங்கும் வாயை மூடிக்கொள்ளும். எந்த உருளை என்று இந்தச் சோதனை சொல்லும், எந்தக் கோளாறு என்று சொல்லாது. பழைய வண்டிகளில் இதையே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திச் செய்வார்கள். காமன் ரயிலில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. நின்று ஓடும்போதே குழாயில் கார் டயரைப்போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தம். மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், கையை இழந்தவர்கள் உண்டு.

ஆயில் அழுத்தத்தை அளந்தார். சூட்டிலும் ஒரு பாருக்குச் சற்று மேலேயே நின்றது. கடைசியாக, மறுநாள், மூன்றாம் இன்ஜெக்டரைக் கழற்றி ஒன்றாம் உருளையில் போட்டார். ஒன்றாவதை மூன்றில் போட்டார். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உள்ள திருத்தக் குறியீட்டைக் கம்ப்யூட்டரில் மாற்றிப் பதிந்தார். யோசனை எளிது: சத்தம் இன்ஜெக்டரோடு குடிபெயர்ந்தால் குற்றவாளி இன்ஜெக்டர், வீட்டிலேயே தங்கிவிட்டால் குற்றவாளி வீடு. மறுபடி மேட்டூர் சாலை, மறுபடி நாற்பது நிமிடம். வாசலில் நிறுத்தியபோது சத்தம் இருந்தது. ஒன்றாவதை நிறுத்தியதும் போனது. மூன்றாவதை நிறுத்தினால் போகவில்லை. ஸ்கேனரில் கழித்தல் எண்ணும் ஒன்றாவதற்கு மாறியிருந்தது.

இன்ஜெக்டரை டீசல் பம்ப் கடைக்குக் கொடுத்தனுப்பினோம். அங்கே மேடையில் மாட்டிச் சோதனை எண்ணெயைத் தெளிக்கவைத்து அளப்பார்கள். மாலையில் அச்சடித்த சீட்டோடு திரும்பி வந்தது: எல்லா அளவும் வரம்புக்குள், பழுது ஏதுமில்லை.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சீட்டைத் திருப்பி, சோதனை எண்ணெயின் வெப்பம் என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். 40 டிகிரி.

“திறந்து பார்க்கச் சொல்லுங்க” என்றார். திறந்தார்கள். ஊசியின் ஒரு பக்கத்தில் பழுப்பு வார்னிஷ்போல் படிவு, அதன் நடுவே நகக்கீறல் அளவில் ஒரு கோடு.